அலை அடிக்காத மேற்கு ஓரத்துக்குக் கல் எதற்கு? குளத்துப் பூங்கா நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மாநகராட்சி ஆணையாளர் அவர்களுக்கும், குளத்துப் பூங்காவின் இரண்டாம் கட்டப் பணியைத் திட்டமிட்ட பொறியாளர்களுக்கும்:

பூங்கா வாசலில் நீங்கள் வைத்திருக்கும் பணி விவரப் பலகையைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியாமல் இதை எழுதுகிறோம். மேற்கு, வடமேற்கு ஓரங்களுக்குக் கல் பதிப்பு. குளத்தில் உள்ள களைகள் முழுவதையும் இயந்திரம் விட்டு எடுப்பது. சுற்றிலும் உயர்கோபுர விளக்கு. படகுத்துறை. பளபளக்கும் கருப்பு கிரானைட் மேடை. வாரந்தோறும் கொசுப்புகை. எல்லாம் நவம்பரில் தொடக்கம் என்று போட்டிருக்கிறது. அந்தப் பலகையில் பறவை என்றோ பூச்சி என்றோ ஒரு சொல்கூட இல்லை. காலையில் நடக்க வருகிற மக்கள் நின்று நின்று கைப்பேசியில் படம் பிடிப்பது நாமக்கோழியையும் கூழைக்கடாவையும்தான்.

இந்தக் குளத்தின் பறவைகளையும் தட்டான்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் மாதந்தவறாமல் பதிவு செய்துவருகிறவர்கள் நாங்கள். இந்தப் பணிகளில் எதைக் கைவிட வேண்டும், எதை இடமும் காலமும் மாற்றிச் செய்யலாம் என்று காரணத்தோடு சொல்கிறோம்.

முதலில் கல் பதிப்பு. எங்களை அதிகம் கலங்கவைத்திருப்பது அதுதான்.

கொங்கு நாட்டுக் குளங்களின் அமைப்பு உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையடியிலிருந்து நிலம் கிழக்கே சரிகிறது. நொய்யலும் அப்படித்தான் ஓடுகிறது. நம் குளத்துக்குக் கரை என்று ஒன்று இருப்பது கிழக்கிலும் தென்கிழக்கிலும். மதகும், உபரிநீர் வழியும் கலிங்கும் அங்கேதான் இருக்கின்றன. மேற்கே கரையே கிடையாது. பள்ளத்துத் தண்ணீர் வந்து சேரும் அந்தப் பக்கத்தில் நிலம் கொஞ்சங் கொஞ்சமாக நீருக்குள் இறங்குகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கிற காற்று தண்ணீரை மேற்கிலிருந்து கிழக்கே தள்ளும். அலை மோதுவதும் மண் அரிப்பதும் கிழக்குக் கரையில். அங்கே கல் வேண்டும்; ஏற்கெனவே பதித்தும் இருக்கிறது. பெயர்ந்த இடங்களைச் சரி செய்யுங்கள், அதை வரவேற்போம். அலையே அடிக்காத மேற்கு ஓரத்துக்குக் கல் எதற்கு?

அந்த ஓரத்தின் சரிவு ஏறக்குறைய இருபத்தைந்துக்கு ஒன்று; அதாவது இருபத்தைந்து மீட்டர் உள்ளே போனால்தான் ஒரு மீட்டர் ஆழம். பத்து மீட்டர் உள்ளே நடந்தாலும் தண்ணீர் முழங்காலைத் தொடாது. குளத்துப் பறவைகளில் பெரும்பாலானவை தத்தம் காலின் நீளத்துக்கும் அலகின் நீளத்துக்கும் தக்க ஆழத்தில்தான் மேய முடியும். சின்னப் பட்டாணி உப்புக்கொத்தி ஈரச் சேற்றில் ஓடி ஓடிப் பொறுக்கும். தண்ணீர் ஓரிரு சென்டிமீட்டர் ஏறினால் அதற்கு அங்கே வேலையில்லை. பொறி உள்ளானுக்கு நாலைந்து சென்டிமீட்டர். செங்கால் நெடிதான நெடுங்கால் உள்ளான் பதினைந்து சென்டிமீட்டர் வரை சமாளிக்கும். குளிர்காலத்தில் வரும் நீலச்சிறகி, தட்டைவாயன், ஊசிவால் வாத்து ஆகியவை நீர்ப்பரப்பைத் துழாவியோ, வால் மேலே நிற்கத் தலையைக் கவிழ்த்தோ மேய்பவை. அவற்றுக்கு முப்பது சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போகப் போக அடிச் சேறு எட்டுவது அரிது. அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், சங்குவளை நாரை எல்லாம் நின்று துழாவி இரை எடுப்பவை. நீர்க்காகம், பாம்புத்தாரா, முக்குளிப்பான் போல முங்கி மீன் பிடிக்கும் சிலவற்றுக்கும் கூழைக்கடாவுக்கும் மட்டுமே ஆழமான நடுக்குளம் போதும்.

கணக்கு எளிது. உங்கள் வரைபடத்தில் இருப்பதுபோல ஒன்றரைக்கு ஒன்று சரிவில் கல் பதித்தால், பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு உட்பட்ட தண்ணீரின் அகலம் இருபத்திரண்டு சென்டிமீட்டர். இப்போதுள்ள சரிவில் அதே ஆழப்பட்டை மூன்றே முக்கால் மீட்டர் அகலம் இருக்கிறது. முப்பது சென்டிமீட்டர் ஆழம் வரை எடுத்துக்கொண்டால் இப்போது ஏழரை மீட்டர். கல் பதித்த பின் அரை மீட்டர்கூடத் தேறாது. அந்த அரை மீட்டரிலும் அடியில் சேறு இல்லை, கல். புழு இல்லாத கல்லில் உள்ளான் எதைக் கொத்தும்? தண்ணீர் ஏறி இறங்கும்போது சேற்றுப்பட்டையும் கூடவே நகர்ந்து கொடுப்பதுதான் சரிவான ஓரத்தின் அருமை. மார்கழியில் ஓரிடத்தில் மேய்ந்த பறவை மாசியில் நாலு மீட்டர் கீழே இறங்கி மேயும். செங்குத்தான கல்லோரத்தில் தண்ணீர் எவ்வளவு இறங்கினாலும் பறவைக்குக் கிடைப்பது கல்தான்.

வாய்க்கால் குளத்தில் வந்து விழும் இடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு மண்சுவர் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதில் கைமுட்டி அளவுள்ள துளைகள் மீன்கொத்திகளுடையவை. அதைவிடச் சிறியவை பஞ்சுருட்டானுடையவை. வெண்தொண்டை மீன்கொத்தியும் பச்சைப் பஞ்சுருட்டானும் மண்ணைக் குடைந்து உள்ளே அறை வைத்துத்தான் முட்டையிடும். மரக்கிளை அவற்றுக்கு உட்கார மட்டும். பிப்ரவரி முதல் ஜூன் வரை அந்தத் துளைகளில் குஞ்சு இருக்க வாய்ப்பு அதிகம். அந்தச் சுவருக்குச் சிமென்ட் பூசினால் உள்ளே இருப்பது உயிரோடு மூடப்படும். வெளியிலிருந்து பார்க்கிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது எலிவளை மாதிரித்தான் தெரியும். அவரைக் குறை சொல்ல முடியாது, சொல்லிக்கொடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

தட்டானுக்கு வருவோம். தட்டான் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இறக்கையோடு கழிப்பதில்லை. தண்ணீருக்குள் இளம்புழுவாகக் கழிக்கிறது. மடக்கி வைத்திருக்கும் கீழுதட்டைச் சட்டென்று முன்னே வீசிக் கொசுப்புழுக்களைப் பிடித்துத் தின்னும். வளர்ச்சி முடிந்ததும் இரவிலோ விடியும் முன்னோ கோரைத் தண்டைப் பிடித்து ஏறி, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே நின்றுவிடும். முதுகுத்தோல் வெடிக்கும். முதலில் தலையும் மார்பும் வெளியே வந்து பின்னோக்கித் தொங்கும். கால்கள் இறுகியதும் எம்பிப் பழைய தோலையே பற்றிக்கொண்டு வாலை உருவிக்கொள்ளும். கசங்கிய இறக்கை விரிந்து காய மணிக்கணக்கில் ஆகும். அந்த நேரத்தில் காற்று தள்ளினாலோ தண்டு சாய்ந்தாலோ இறக்கை கோணிப்போகும், பிறகு ஒருபோதும் பறக்காது. காலை ஏழு மணிக்கு மேற்கு ஓரத்துக் கோரைகளைப் பார்த்தால் தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றுத்தோல்களைக் காணலாம். ஊசித்தட்டான்களுக்கு இன்னொரு தேவையும் உண்டு: அவை முட்டையைத் தண்ணீரில் உதிர்ப்பதில்லை, தண்டின் சதையைக் கீறி உள்ளே வைக்கும். கோரை இல்லாவிட்டால் முட்டையிட இடமில்லை, ஏறிவரப் படியும் இல்லை. கொசுவுக்கு வாரந்தோறும் மருந்தடிக்கப் பணம் ஒதுக்கிவிட்டு, கொசுப்புழுவைத் தின்னும் பூச்சியின் பிறப்பிடத்துக்குக் கல் போடுகிறீர்கள்.

அடுத்து அந்தக் 'களைகள் முழுவதும்'.

ஆகாயத்தாமரையை எடுக்கத்தான் வேண்டும். அதில் எங்களுக்கு மறுப்பே கிடையாது. நீர்ப்பரப்பை மூடி, வெளிச்சத்தைத் தடுத்து, உயிர்வளியைக் குறைத்துவிடும். சில கொசு இனங்களின் புழுக்கள் அதன் வேரில் ஒட்டிக்கொண்டு அதிலிருந்தே மூச்சு வாங்கும். ஆனால் சம்பு, கோரை, அல்லி, தாமரை, நீருக்கடியில் வளரும் வேலம்பாசி எல்லாம் களையா? தூக்கணாங்குருவி கூட்டுக்கு நார் கிழிப்பது கோரையிலும் புல்லிலும். குளிர்காலத்தில் தகைவிலான்கள் பொழுது சாயும்போது கூட்டமாக வந்து அடைவது சம்புப் புதரில். நீலத் தாழைக்கோழி தின்பதும் ஒளிவதும் கூடு கட்டுவதும் அதே புதர்தான்.

நீளவால் இலைக்கோழியை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். விரல்களும் நகங்களும் உடம்புக்குப் பொருந்தாத நீளம்; அதனால்தான் அல்லி இலைமேல் அழுத்தமில்லாமல் நடக்கிறது. மிதக்கும் இலைகள்மேல் நாலைந்து தண்டை இழுத்துப் போட்டு, பளபளப்பான செம்பழுப்பு முட்டைகள் நான்கை அது வைத்துவிட்டால், அடைகாப்பதும் குஞ்சைப் பார்த்துக்கொள்வதும் ஆண்பறவை. பெட்டை அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். முக்குளிப்பானின் கூடும் மிதப்புதான். ஆள் வந்தால் இறங்கும் முன் முட்டைகளின் மேல் ஈரப்பாசியை இழுத்து மூடிவிட்டுப் போகும். அழுகிய குப்பை ஒன்று மிதப்பதுபோல இருக்கும். இயந்திரத்தின் மேலே உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு இந்த இரண்டில் எதுவும் தெரியாது. செடியோடு செடியாக வாரிக் கரையில் கொட்டும்போது முட்டையும் குப்பையோடு போகும். இந்தப் பறவைகள் தென்மேற்குப் பருவமழைக்குக் குளம் நிறையத் தொடங்கும் ஜூன், ஜூலையிலிருந்து மழை முடியும் வரைக்கும் முட்டையிடுகின்றன. நவம்பரில் இயந்திரத்தை இறக்கினால் கடைசி ஈட்டுக் குஞ்சுகளும் வலசை வந்த வாத்துகளும் சேர்ந்தே கலைக்கப்படும்.

சேதமில்லாமல் செய்ய வழி இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் குறைந்திருக்கும், வலசைப் பறவைகளும் கிளம்பிப் போயிருக்கும், அப்போது எடுங்கள். குளத்தை மூன்று பகுதியாகப் பிரித்து ஆண்டுக்கு ஒரு பகுதி. ஆகாயத்தாமரை மட்டும் எல்லாப் பகுதியிலும் எடுக்கலாம், அதையும் கூடு இருக்கிறதா என்று பரிசல் விட்டுப் பார்த்த பிறகு. கரையோரக் கோரையில் ஐந்து மீட்டர் பட்டையைத் தொடவே கூடாது. எடுத்த செடியை ஒரே ஒரு நாள் தண்ணீரை ஒட்டிப் போட்டு வையுங்கள். அதில் சிக்கிய தட்டான் புழுக்களும் நத்தைகளும் நீர்வண்டுகளும் மெல்ல ஊர்ந்து குளத்துக்குத் திரும்பிவிடும். மறுநாள் கட்டாயம் அப்புறப்படுத்த வேண்டும். சென்ற முறை எடுத்ததைக் கரையிலேயே மாதக்கணக்கில் குவித்து வைத்திருந்தார்கள். அது அழுகி வடிந்த சாறெல்லாம் மறுபடி குளத்துக்கே போனது. அடுத்த மழைக்குள் பச்சைப் போர்வை பழையபடி மூடிக்கொண்டது. தழைச்சத்தும் மணிச்சத்தும் சாக்கடை வழியாக வந்துகொண்டே இருக்கும் வரை ஆகாயத்தாமரை போகாது. இயந்திரத்துக்குக் கொடுக்கும் வாடகையில் ஒரு பங்கை வாய்க்கால் வாயில் கழிவுநீரை மறிப்பதற்குச் செலவிட்டால், வாடகையே குறைந்துகொண்டு வரும்.

கழிவுநீர் எந்த அளவுக்குக் கலக்கிறது என்பதைத் தட்டான்களே காட்டிக்கொடுத்துவிடும். இறக்கை ஆரஞ்சு நிறமாக இருக்கும் சிறு தட்டான் ஒன்று உண்டு. அறிவியல் பெயர் பிராக்கிதெமிஸ் கன்டாமினேட்டா. சாக்கடை கலந்த தண்ணீரிலும் பிழைக்கும். ஒரு குளத்தில் அது இருப்பது கெடுதலின் அடையாளம் அல்ல. அது மட்டுமே மிஞ்சுவதுதான் அடையாளம். வாய்க்கால் வாயில் இப்போது பெரும்பாலும் அதுதான் தெரிகிறது. மேற்கு ஓரத்துக் கோரைப் பக்கம் இன்னமும் பல வகைத் தட்டான்களும் ஊசித்தட்டான்களும் இருக்கின்றன. அந்த ஓரத்தைத்தான் கல்போட்டு மூடப் போகிறீர்கள்.

விளக்கையும் கொசுப்புகையையும் தனித்தனிப் பணியாகப் போட்டிருக்கிறீர்கள். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கிறது. குளத்துச் சேற்றில் வளரும் கடிக்காத நீர்ப்பூச்சி ஒன்று பார்வைக்குக் கொசு போலவே இருக்கும். அதன் புழு சிவப்பு நிறம். மீன் வளர்ப்பவர்கள் ரத்தப்புழு என்று வாங்கிப் போடுகிறார்களே, அதுதான். உள்ளான்களுக்கும் வாத்துகளுக்கும் மீன்குஞ்சுகளுக்கும் அது முக்கியமான தீனி. வளர்ந்து பறந்ததும் அந்தப் பூச்சி வெளிச்சத்தைத் தேடி வரும், நீலவெள்ளை விளக்கென்றால் இன்னும் அதிகமாக. கிழக்குக் கரையில் முதல் கட்டத்தில் வைத்த விளக்குகளின் கீழ் மழைக்காலத்தில் மேகம்போல் மொய்ப்பது இதுதான். நடக்க வருகிறவர்கள் முகத்தில் மோதுவதைக் கொசு என்று நினைத்துப் புகார் சொல்கிறார்கள். புகாருக்குப் பதிலாகப் புகை வண்டி வருகிறது.

வித்தியாசம் கண்டுபிடிப்பது சிரமமில்லை. சுவரில் உட்காரும்போது இந்தப் பூச்சி முன்னங்காலைத் தூக்கி வைத்திருக்கும். வீட்டில் நாம் பார்க்கும் கொசு பின்னங்காலைத் தூக்கும். இதற்குக் குத்தும் ஊசிவாய் கிடையாது.  டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு குளத்தில் பிறப்பதில்லை. வீட்டுத் தொட்டி, பழைய டயர், கொட்டாங்கச்சி, பூந்தொட்டித் தட்டு இவற்றில் தேங்கும் தண்ணீரில் பிறந்து பகலில் கடிக்கிறது. சாக்கடைக் கொசுவான கியூலெக்ஸ் பிறக்கும் இடம் அடைத்துக்கொண்ட வாய்க்கால். குளத்தோரம் அடிக்கும் புகை இவற்றின் புழுக்களைத் தொடுவதே இல்லை. அந்த நேரத்தில் காற்றில் இருப்பதை மட்டும் கொல்லும். பொழுது சாயும்போது அடிப்பதால், கோரைத் தண்டில் அடைய வந்த தட்டான்கள்மேலும், பூவிலிருக்கும் அந்துப்பூச்சிகள்மேலும் நேராகப் படிகிறது. பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கும் நீர்ப்பூச்சிகளுக்கும் கடும் நஞ்சு; புகை தண்ணீர்மேல் இறங்கினால் அங்கேயும் சாவு.

நவம்பர் மாதத்துக்கு இதில் தனி முக்கியத்துவம் உண்டு. மழையோடு நம் ஊருக்கு வரும் மஞ்சள் தட்டான், பாண்டலா ஃபிளாவெசன்ஸ், அக்டோபரிலிருந்து கூட்டங் கூட்டமாகத் தாழப் பறப்பதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மாலத்தீவில் இருந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தத் தட்டான்கள் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா போவதாகச் சான்றுகளோடு முன்வைத்தார். ஒரு கிராம்கூட எடை இல்லாத பூச்சி. அது கடல் தாண்டக் கிளம்பும் பருவத்தில் நாம் வாரந்தோறும் புகை போடுவது எங்களால் தாங்க முடியாத காரியம்.

விளக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை; மாலையில் நடக்க வரும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் தடம் தெரிய வேண்டும். அதற்கு இடுப்புயரக் கம்ப விளக்கு போதும். மேலே மூடியும் குளத்துப் பக்கம் மறைப்பும் இருக்கட்டும். நிறம் 2,700 கெல்வினுக்கு மேல் போகாத மஞ்சள் வெளிச்சமாக இருக்கட்டும். பூங்கா பூட்டும் நேரத்தில் தானாக அணையும்படி நேரக்கருவி வையுங்கள். உயர்கோபுர விளக்கு தடத்தைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் வெளிச்சமாக்குகிறது. இரவில் இரை தேடும் வக்காவும், புதரில் அடையும் மடையானும் கொக்கும் அந்த வெளிச்சத்தில் இடத்தை விட்டுப் போய்விடும்.

கிரானைட் மேடை பற்றிச் சொன்னால் வியப்பாக இருக்கும். தட்டான் தண்ணீரைக் கண்டுபிடிப்பது அதன் பரப்பிலிருந்து கிடைமட்டமாக முனைவாக்கம் பெற்று, அதாவது ஒரே வாக்கில் அதிரும்படி ஒழுங்குபட்டு, திரும்பும் ஒளியைக் கொண்டு. மெருகேற்றிய கருங்கல்லும் அதேபோல் ஒளியைத் திருப்பும். ஹங்கேரியில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் பளபளப்பான கருப்புக் கல்லறைக் கற்களை நீரென்று நம்பித் தட்டான்கள் சுற்றிவருவதை ஆய்வாளர்கள் 2007-ல் பதிவு செய்திருக்கிறார்கள். வெயிலில் கொதிக்கும் கல்லில் இடும் முட்டை பிழைக்காது. குளத்தை ஒட்டிப் பெரிய கருப்பு மேடை போட்டால் அதே பொறியைத்தான் நாமும் வைப்போம். மேடை வேண்டுமென்றால் சொரசொரப்பான சாம்பல் நிறக் கல்லோ செங்கல்லோ போடுங்கள். செலவும் குறையும்.

படகுத்துறை கிழக்குக் கரையில் மதகுக்கு அருகே இருக்கட்டும். மேற்குப் பாதியில் மிதவைக் கயிறு கட்டி, படகு அதைத் தாண்டக் கூடாது என்று வையுங்கள். படகுக்காகக் கலிங்கு மட்டம் வரை ஆண்டு முழுக்கத் தண்ணீரைத் தேக்கி வைக்கும் எண்ணம் இருந்தால், பிப்ரவரி முதல் கோடைக்குள் இயல்பாக இறங்க விட்டுவிடுங்கள். சேறு தெரியாத குளத்துக்கு உள்ளான் வராது.

வடக்கு மூலையில் இருக்கும் சீமைக்கருவேலங் காட்டை வெட்டுவதாகவும் கேள்விப்படுகிறோம். அந்த மரத்துக்காக நாங்கள் பரிந்து பேசவில்லை. ஆனால் இப்போது வக்காவும் கொக்கும் நீர்க்காகமும் அடைவது அதில்தான். நாட்டுக் கருவேலம், புங்கன், நீர்மருது வைத்து அவை ஆளுயரம் தாண்டிய பிறகு, கூடு இல்லாத மாதத்தில், பாதி பாதியாக வெட்டலாம். ஒரே நாளில் பொக்லைன் விட்டுத் தள்ளினால் அடைந்த பறவைக்குப் போக்கிடம் இல்லை.

நடைபாதை ஓரத்தில் காட்டுச்செடி என்று வாராவாரம் செதுக்கிப் போடுவதில் எருக்கும் கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும் இருக்கின்றன. வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு எருக்கிலையைத் தின்று வளரும். மலைக்கும் சமவெளிக்கும் இடையே கூட்டமாக வலசை போகும் நீல வரியன்களும் கருப்பன்களும் கிலுகிலுப்பைக்கும் காய்ந்த தேள்கொடுக்குக்கும் வந்து மொய்ப்பது அவற்றின் சாற்றிலுள்ள வேதிப்பொருளுக்காக. ஆண்பூச்சிக்கு அது இணைசேர உதவுகிறது. புல்தரையும் அலங்காரப் பனையும் இவற்றில் ஒன்றுக்குக்கூடச் சோறு போடாது. மேற்குத் தடத்தின் ஓரத்தில் இரண்டு மீட்டரைச் செதுக்காமல் விட்டாலே போதும். சுற்றுச்சுவரில் பஞ்சவர்ணக்கிளியும் பூநாரையும் வரைந்திருக்கிறீர்கள். இந்தக் குளத்தில் அவை இல்லை. இலைக்கோழியையும் நாமக்கோழியையும் பாம்புத்தாராவையும் வரையுங்கள்; பார்க்கும் குழந்தை திரும்பிக் குளத்தில் அதையே தேடும்.

சட்டத்தையும் நினைவூட்டுகிறோம். 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்பதற்குத் தரும் விளக்கத்தில், பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும் முட்டையையும் கூட்டையும் கலைப்பதும் அடங்கும். 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் பாசனத்துக்கென்று அமைத்த குளங்களுக்குப் பொருந்தாது என்று உங்கள் தரப்பில் சொல்லலாம்; விதியில் அந்த விலக்கு இருப்பது உண்மை. அறிவிக்கப்பட்ட ஈரநிலங்களில் பத்தாண்டுச் சராசரி வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டுமானம் கூடாது என்று அதே விதிகள் ஏன் சொல்கின்றனவோ, அந்தக் காரணம் நம் குளத்துக்கும் உண்டு. பக்கத்திலேயே திருப்பூர் நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஈரோட்டை ஒட்டிய வெள்ளோடு 2022-லேயே அந்தப் பட்டியலுக்குப் போய்விட்டது. இரண்டும் நம் கொங்கு நாட்டுக் குளங்கள். அங்கே பறவைகள் வருவதற்குக் காரணம் ஆழமில்லாத ஓரமும் சேறும் முள்மரமும்தான்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

மேற்கு, வடமேற்கு ஓரங்களின் கல் பதிப்பை ஒப்பந்தத்திலிருந்து நீக்க வேண்டும். அந்தத் தொகையைக் கிழக்குக் கரைப் பழுதுக்கும் வாய்க்கால் வாயில் கழிவுநீரை மறிப்பதற்கும் மாற்ற வேண்டும். வாய்க்கால் மண்சுவரைத் தொடக் கூடாது. களை எடுப்பை நவம்பரிலிருந்து ஏப்ரலுக்குத் தள்ளிவைத்து, மேலே சொன்னபடி பகுதி பகுதியாகச் செய்ய வேண்டும்; ஒப்பந்தத்தில் 'களைகள் முழுவதும்' என்றிருப்பதை 'ஆகாயத்தாமரையும், ஆண்டுக்கு ஒரு பகுதியில் மட்டும் மற்றச் செடிகளும்' என்று திருத்த வேண்டும். இந்தத் திருத்தம் இல்லாவிட்டால் ஒப்பந்ததாரர் எடையைக் கூட்டக் கண்ணில் பட்டதையெல்லாம் வாருவார், ஏனென்றால் அவருக்குப் பணம் டன் கணக்கில்.

உயர்கோபுர விளக்கைக் கைவிட்டுத் தாழ்வான மஞ்சள் விளக்கு வைக்க வேண்டும். குளத்திலிருந்து நூறு மீட்டருக்குள் கொசுப்புகை கூடாது; நோய் பரவும் காலத்தில் குடியிருப்புகளில் சுகாதாரப் பிரிவு செய்யும் பணியை நாங்கள் தடுக்கவில்லை. கொசு ஒழிக்க என்று கம்பூசியா மீனையோ வேறு வெளிநாட்டு மீனையோ குளத்தில் விடக் கூடாது. அவை தட்டான் புழுக்களையும் நாட்டுமீன் குஞ்சுகளையும் சேர்த்தே தின்னும். அக்டோபர் முதல் மார்ச் வரை குளத்துக்குள் எந்தக் கட்டுமானமும் நடக்கக் கூடாது.

பணி நடக்கும் நாட்களில் கூடுகளைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஒருவர் உடன் இருக்க வேண்டும். அந்த வேலையை ஊதியமில்லாமல் செய்ய நாங்கள் தயார். மாதம் ஒருமுறை காலை ஆறரை முதல் எட்டரை வரை பறவைகளையும், ஒன்பதரை முதல் பதினொன்று வரை தட்டான், வண்ணத்துப்பூச்சிகளையும் நூறு மீட்டர் நீளமுள்ள நான்கு நிலையான தடங்களில் எண்ணி, அந்தக் கணக்கைப் பூங்கா அலுவலகத்தில் வைக்கிறோம். ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் குளத்தைச் சேர்க்கிறோம். பணிக்கு முன்னும் பின்னும் என்ன மாறியது என்று உங்கள் கையிலேயே சான்று இருக்கும்.

பணி ஆணை கையெழுத்தாகும் முன் ஒரு காலைப் பொழுதில் உங்கள் பொறியாளர்கள் மேற்கு ஓரத்துக்கு வர வேண்டும். அளவுகோலும் தொலைநோக்கியும் எங்கள் பதிவேடுகளும் கொண்டுவருகிறோம். சரிவையும் ஆழத்தையும் அவர்களே அளந்து பார்க்கட்டும். இந்தக் கோரிக்கைகளில் எது ஏற்கப்படுகிறது, எது மறுக்கப்படுகிறது, மறுப்பதற்குக் காரணம் என்ன என்று முப்பது நாளுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அதுவரை மேற்கு ஓரத்தில் ஒரு லோடு கல்கூட இறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
குளத்துப் பறவைகளையும் பூச்சிகளையும் பதிவு செய்துவருவோர்